ஆயா காட்டிய இடங்கள்

போன கார்த்திகையில் ஒரு நண்பர் வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருந்தார். நேரில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். சென்னையில் ஐ.டி. வேலை, சனி ஞாயிறானால் கேமராவோடு காடு மேடு சுற்றுகிறவர். நல்ல மனிதர். "நண்பா, உத்திரமேரூர் பக்கம் செங்காந்தள் இருக்கா? இருந்தா லொகேஷன் அனுப்புங்க, ஞாயித்துக்கெழம வரேன்."

"இல்ல நண்பா, எங்க பக்கம் இப்ப எதுவும் இல்ல" என்று டைப் செய்து அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது. அழுகிற எமோஜி ஒன்று வந்தது.

நான் சொன்னது பொய். ஒரே ஒரு கொடி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தே ஏன் மறைத்தேன் என்று அவருக்கு விளக்க வேண்டுமானால் பதினைந்து வருடம் பின்னால் போக வேண்டும். வாட்ஸப்பில் அது முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

*

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். காரணம் போகப் போகத் தெரியும்.

எங்கள் வீட்டில் யாரும் செங்காந்தள் என்று சொன்னதில்லை. அது பாடப் புத்தகத்துச் சொல். தமிழ்நாட்டின் மாநில மலர் எது என்ற கேள்விக்கு ஒரு மார்க் வாங்கித் தருகிற சொல். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் முதல் பூ அதுதான் என்று தமிழய்யா சொன்னபோதும், அது ஏதோ மலை நாட்டுப் பூ என்றே நினைத்துக்கொண்டேன். எங்களுக்குத் தெரிந்தது கண்ணுவலிப் பூ. உற்றுப் பார்த்தால் கண் நோவு வந்துவிடும் என்பார்கள். கீழே இருக்கிற கிழங்கு கண்வலிக் கிழங்கு, இல்லாவிட்டால் கலப்பைக் கிழங்கு. இரண்டும் ஒரே செடிதான் என்று எனக்குப் புரிந்தபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

ஆயா மூன்று ஆடு வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடவே போவேன். ஐப்பசி மழை நின்ற பிறகு வேலிகளிலும் புதர்களிலும் அந்தப் பூ எரியும். எரியும் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்து, ஓரம் நெளிந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக இருக்கும். மொட்டில் பச்சை, விரிந்ததும் மஞ்சள், நாளாக ஆக முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் இருக்கும். இலையின் நுனி மெல்லிய கம்பி மாதிரி நீண்டு, பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறும். ஏறுவதற்கு ஏதாவது இருந்தால்தான் அதற்கு வாழ்வு.

ஆயா ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். மொத்தம் ஏழு. கன்னிமார் கோயில் காரைப் புதர், ஏரியின் கலங்கல் ஓரம், குன்றடியில் பாறை இடுக்கு, மேட்டுக்கொல்லைக் கிலுவை வேலி, சுடுகாட்டுப் பாதைக் கள்ளி வேலி, சித்தேரி மடை, பழைய பம்பு செட்டுக்குப் பின்னால் பனைமரத்தடி. அழகு காட்டுவதற்காக அவள் காட்டவில்லை.

"நல்லா பாத்துக்கோ. இங்க இருக்குது. அத்த தொடாத, கிழங்க நோண்டாத. ஆடு கூட அத்த மோக்காது."

ஏன் என்று கேட்டேன். ஒருநாள் சொன்னாள். மேலத்தெருவில் அவள் வயதுக்காரி ஒருத்தி, கல்யாணமாகி மூணாம் வருஷம், அந்தக் கிழங்கைத் தின்றுவிட்டாள். நாலு நாள் கிடந்தாளாம். அந்த நாலு நாளும் வாந்தியை அள்ளிக் கொட்டியது ஆயாதான். அதே கிழங்கை ஆயாவின் அம்மா, ஊரில் பிரசவம் பார்த்தவள், அரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பத்துப் போடுவாளாம், நஞ்சுக்கொடி சீக்கிரம் விழுவதற்கு. ஒரு கிழங்கு, இரண்டு வேலை. எது எதற்கு என்று தெரிந்தவள் கையில் அது இருக்க வேண்டும் என்பாள்.

எனவே அந்த ஏழு இடங்களும் எனக்கு எச்சரிக்கையாகத் தரப்பட்டவை.

*

2009. நான் பிளஸ் ஒன். பங்குனி வெயில். டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் சாக்குப் பைகளோடு ஒருவர் வந்து டீக்கடையில் உட்கார்ந்தார். மேற்கத்திப் பேச்சு. கலப்பைக் கிழங்கு எடுத்துத் தந்தால் கிலோவுக்குக் காசு தருவதாகச் சொன்னார். பெரியவர்கள் சிரித்தார்கள். பங்குனியில் அந்தக் கொடி எங்கே இருக்கும்? தையிலேயே காய்ந்து உதிர்ந்து, மண்ணுக்கு மேலே ஒரு அடையாளமும் இருக்காது. கார்த்திகையில் எங்கே பூத்தது என்று நினைவு வைத்திருக்கிறவனுக்குத்தான் பங்குனியில் கிழங்கு கிடைக்கும்.

எனக்கு நினைவு இருந்தது.

முதலில் அவர் போனது ஏரிக்கரை இருளர் குடிசைகளுக்கு. கிழங்கு, வேர் என்றால் எல்லோரும் அங்கேதான் போவார்கள். அங்கே ஒரு அக்கா எடுத்துத் தருகிறேன் என்றார், ஆனால் அவர் வழக்கப்படி. அந்தக் கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கொம்பின் முனையிலும் ஒரு முளைக்கண். "ஒரு கொம்ப ஒடிச்சு எடுத்துக்குவோம். ஒண்ண உள்ளயே வெச்சு மண்ணு தள்ளிட்டு வருவோம். அடுத்த ஆடிக்கு அது எழுந்துக்கும்." தரகர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒடித்த கிழங்கு வழியிலேயே அழுகிவிடும், முழுசாக வேண்டும் என்றார். அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் அந்தப் பேச்சை நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் தரகர் பின்னாலேயே போனேன்.

மூன்று நாள். ஆயா மத்தியானம் தூங்கும் நேரம். ஏழில் நான்கு இடங்களைத் தோண்டினேன்: கன்னிமார் கோயில், மேட்டுக்கொல்லை, சுடுகாட்டுப் பாதை, பனைமரத்தடி. கடப்பாரை போட்டால் ஒடிந்துவிடும் என்று கொத்தால் சுற்றிலும் பறித்து, கடைசியில் கையால் மண்ணைத் தள்ளித்தள்ளி எடுத்தேன். பழுப்புத் தோல், உள்ளே மாவு வெள்ளை. சில கிழங்குகள் என் உள்ளங்கையை விட நீளம். கன்னிமார் கோயிலில் மட்டும் பாறை இடுக்கில் ஒன்று மாட்டிக்கொண்டு ஒடிந்தது. ஒடிந்தது விலை போகாதென்று அதைக் குழியிலேயே வீசி, காலால் மண்ணைத் தள்ளினேன். அக்காவின் பேச்சு நினைவிருந்து அப்படிச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. குழி தெரியக் கூடாது என்பதற்காகத்தான் மூடினேன்.

கையில் வந்தது அறுநூறு ரூபாய். செகண்ட் ஹேண்ட் நோக்கியா ஒன்று வாங்கினேன். டார்ச் வைத்தது.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் ஆயா ஆடு மேய்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். "இன்னாடா இது, இந்த வருசம் கண்ணுவலி எங்கயும் காணோம். மழ போதலயா?"

"இருக்கும் ஆயா" என்றேன்.

அடுத்த வருஷமும் கேட்டாள். அதற்கடுத்த வருஷம் கேட்கவில்லை. 2014-ல் இறந்துபோனாள். நான் கடைசிவரை சொல்லவில்லை.

*

2018-ல் ஆறு மாதம் திருப்பூரில் வேலை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் பக்கம் மூலனூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே கண்வலிக் கிழங்கை விவசாயமாகச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசை வரிசையாகப் பந்தல். ஒவ்வொரு பந்தலிலும் நான் சின்ன வயதில் வேலியில் பார்த்த அதே நெருப்பு. எங்கள் ஊர் முழுக்க ஏழு இடங்களில் இருந்தது, இங்கே ஒரு வயலின் மூலையிலேயே அதைவிட அதிகம்.

காலை நேரம். பெண்கள் வரிசையாகப் போய் ஒவ்வொரு பூவையும் தொட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளுக்கு முகம் கொடுக்காமல் பக்கவாட்டில் மடங்கி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் முனையில் கையால் தடவ வேண்டும். இவ்வளவு பாடும் விதைக்காக. விதையில் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்து வீங்குகிற கௌட் நோய்க்கு அது மருந்து. செடிகளின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்து புதிய ரகம் உருவாக்கும் ஆய்வுக்கூடங்களிலும் அதுதான். மேலத்தெருக்காரியை நாலு நாள் போட்டுப் புரட்டியதும் அதே பொருள்தான். அளவுதான் வேறு.

வரப்பில் உட்கார்ந்திருந்த தோட்டக்காரரிடம், விதையிலிருந்தே ஏன் செடி வளர்ப்பதில்லை என்று கேட்டேன். விதை போட்டால் பூப்பதற்கு மூணு நாலு வருஷம் ஆகும், கிழங்கு நட்டால் அதே வருஷம் காய்க்கும் என்றார். ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிலோ கிழங்கு வேண்டும்.

"மொத நடவுக்கு அவ்வளவு கிழங்கு எங்கேருந்து வந்துச்சுங்க?"

"ஆரம்பத்துல பூராவும் காட்டுக் கெழங்குதானுங்க. இப்பவும் அழுகல் வந்து போச்சுன்னா ஏவாரி கொண்டாந்து குடுப்பாப்லீங்க. எங்கிருந்துன்னு நாம கேக்கறதில்லீங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விதைக்கு விலை என்ன என்று முடிவு செய்வது அவரில்லை. ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் கொட்டிக் கிடக்கும். வயலில் விளைந்த கிழங்கே வயலுக்குப் போதுமானால் காட்டுக் கிழங்கைத் தேடி ஒருவரும் எக்ஸ்எல்லில் கிளம்ப மாட்டார்கள். ஆனால் நோய் வந்த வருஷமும், விலை ஏறி எல்லோரும் புதிதாகப் பந்தல் போடுகிற வருஷமும் பங்குனியில் யாரோ எங்கேயோ கொத்தை எடுத்துக்கொண்டு நடக்கிறான். அந்தப் பந்தல்களுக்கு நடுவே நின்றபோது, என் கன்னிமார் கோயில் கிழங்கின் பேரன் பேத்திகள் இங்கே எந்த வரிசையில் இருக்கும் என்று ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது.

*

நான் தோண்டியது நான்கு. மீதி மூன்றும் இருந்திருக்க வேண்டுமே?

குன்றடிப் பாறை இடுக்கு இப்போது இல்லை. குன்றே பாதிதான் இருக்கிறது. உத்திரமேரூரைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு டிப்பர் லாரிகள் கிளம்பும் சத்தத்தில்தான் எங்கள் ஊர் எழுந்திருக்கிறது. ஜல்லியும் எம்-சாண்டும் சென்னைக்குப் போகின்றன. பக்கத்து இலையெல்லாம் மாவு பூசின மாதிரி நிற்கும்.

கலங்கல் ஓரம் கரையைப் பலப்படுத்தியபோது போனது. கரை பலமானது நல்லதுதான், ஒன்றும் சொல்வதற்கில்லை. சித்தேரி மடை 2017-ல் போனது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட வருஷம் அது. ஊருக்கு ஊர் ஜேசிபி இறங்கியது. எங்கள் சித்தேரியில் சீமைக்கருவேலம் இருந்தது உண்மை. அதற்குள் காரை இருந்தது, சூரை இருந்தது, நன்னாரி ஓடிக்கொண்டிருந்தது, கண்ணுவலி ஏறிக்கொண்டிருந்தது. ஜேசிபியின் பல்லுக்கு இது வேண்டும் இது வேண்டாம் என்று தெரியாது. ஓட்டிய தம்பிக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் சென்னையில் ஒரு மேன்ஷனில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மேட்டுக்கொல்லைக் கிலுவை வேலி இன்று ஏதோ ஒரு 'நகர்'. கல் தூணும் முள்கம்பியும் நட்டு, கலர் கொடி கட்டியிருக்கிறார்கள். நான் தோண்டாமல் விட்டிருந்தாலும் அந்த இடம் தப்பியிருக்காது. எனக்கு இது ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. கிழங்கை எடுத்தவன் ஒருத்தன், வேலியை எடுத்தவன் இன்னொருத்தன். வேலி இருந்தால் பறவையோ தண்ணீரோ கொண்டுவந்து போடும் ஒரு விதை எப்போதாவது எழும். கிழங்கு இருந்தால் எந்தக் குப்பைமேட்டையும் பிடித்து ஏறும். இரண்டும் போனால்தான் முழுசாகப் போகும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடித்தோம்.

எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலைத் தேர்தல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதில் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் போட வேண்டும் என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே யோசித்திருக்கிறார்கள். நிலம் உள்ளவர்கள், வேதம் படித்தவர்கள் பெயர்தான் ஓலையில் ஏறும் என்பதும் அதே சுவரில் இருக்கிறது. ஒரு கொம்பை மண்ணுக்குள் விட்டுவிட்டு வரத் தெரிந்த அந்த அக்காவின் முன்னோர் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. இப்போதும் ஏரி சம்பந்தமான எந்தக் கூட்டத்திலும் அவரை நான் பார்த்ததில்லை.

*

பட்டியல்களைத் தேடிப் பார்த்தேன். உலகச் சிவப்புப் பட்டியலின்படி செங்காந்தள் அழியும் நிலையில் இல்லை. ஆப்பிரிக்காவில் நிறைய இருக்கிறது. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் அதுதான். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் அதைக் களை என்று பிடுங்குகிறார்கள். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செடிகளைச் சேர்த்தது 1991 திருத்தத்தில். அப்போது சேர்த்த ஆறில் செங்காந்தள் இல்லை. காப்புக்காட்டுக்குள் தோண்டினால் குற்றம். கிலுவை வேலியில் தோண்டினால் கேட்பார் இல்லை.

பட்டியல் பொய் சொல்லவில்லை. அது உலகத்தைப் பார்க்கிறது. ஆனால் ஒரு செடி உலகத்திலிருந்து மறைவதற்கு முன்னால் ஓர் ஏரிக்கரையிலிருந்து மறைகிறது, அப்புறம் ஒரு தாலுகாவிலிருந்து. ஆயாவின் திண்ணையில் "இந்த வருசம் காணோம்" என்று கேட்டது எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஈழத்தில் இதையே கார்த்திகைப் பூ என்பார்கள். நவம்பர் கடைசியில் என் ஃபோனில் வந்து விழும் படங்களில் பாதி இந்தப் பூதான். திரையில் இவ்வளவு பெருகிய இன்னொரு பூவை நான் பார்த்ததில்லை. எங்கள் வேலியில்தான் இல்லை.

இடம் தெரிவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இன்னொரு கதை. அகத்தியமலைச் சரிவுகளில் மட்டும் வளரும் மஞ்சள் ஆர்க்கிட் ஒன்று, டுரூரி என்ற வெள்ளைக்காரர் பெயரைச் சுமப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிவாகி, பிறகு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 1970-களில் மறுபடி கண்டுபிடித்தார்கள். செய்தி பரவியது. பரவியதும் சேகரிப்பவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கண்டுபிடித்த மகிழ்ச்சியே அதற்கு வினையானது. அதனால்தான் இன்று ஐநேச்சுரலிஸ்ட் மாதிரித் தளங்கள் அழியும் இனங்களின் இடத்தைத் தாமாகவே மங்கலாக்கிக் காட்டுகின்றன.

இந்த வணிகத்தில் அடிபடுவது எப்போதும் கொத்து பிடித்தவன்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் தமிழ்நாட்டுக் கூலிகள் இருபது பேர் செத்தார்கள். பலர் எங்கள் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் ஜவ்வாது மலைக்காரர்கள். மரத்தை வாங்கவிருந்த எவனுடைய உடம்பும் அந்தக் காட்டில் விழவில்லை. எனக்கு அறுநூறு ரூபாயும் ஒரு டார்ச் ஃபோனும் கிடைத்தன, உயிரோடு இருக்கிறேன். அது வெறும் அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

*

2021 கார்த்திகையில் கன்னிமார் கோயிலுக்குப் போயிருந்தேன். காரைப் புதர் பாதி வெட்டுப்பட்டிருந்தது. பாறை இடுக்கில் ஒரு கொடி. மூன்று பூ. இரண்டு சிவப்பு, ஒன்று இன்னும் மஞ்சள்.

ஒடிந்ததென்று நான் வீசிய அந்தக் கொம்பாக இருக்கலாம். வேறெங்கிருந்தோ வந்த விதையாகவும் இருக்கலாம். நிரூபிக்க வழியில்லை. எனக்கு முதலாவதை நம்ப ஆசை. தரகர் வேண்டாமென்ற ஒன்றுதான் பிழைத்தது.

மூன்று வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அதுதான் காவல் என்று நினைத்தேன். போன கார்த்திகையில் நண்பருக்கு அந்தப் பொய்யை அனுப்பிய இரவுதான் சித்தேரி நினைவு வந்து தூக்கம் போனது. அங்கே யாரும் இடத்தைச் சொன்னதால் அது சாகவில்லை. யாரும் சொல்லாததால் செத்தது. எனக்கு மட்டும் தெரிந்த ஒரு செடியை, எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் யார் காப்பாற்றுவார்கள்?

ஆயா எல்லோருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலும் இல்லை. கூட நடந்து வந்தவனுக்குச் சொன்னாள். நான் அதை விற்றேன் என்பது வேறு.

தை மாதம் நூறு நாள் வேலைக்காரர்கள் கோயிலைச் சுற்றிப் புதர் வெட்ட வந்தார்கள். பொறுப்பாளர் அக்காவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கொடி காய்ந்து ஒரு நூல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுவா? கண்ணுவலிடா இது! எங்க அம்மா காட்டுவாங்க. இன்னும் இருக்குதா இங்க?" என்றார். அப்புறம் திரும்பி, "ஏ, இந்தப் பக்கம் வெட்டாதீங்கடி" என்று குரல் கொடுத்தார். இரண்டு பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் வெட்டிய காரை முள்ளை இழுத்து வந்து மேலே போட்டார். இருளர் குடிசை அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அவரிடமும் போய்ச் சொன்னேன். அன்றைக்கு நான் தரகர் பின்னால் போனதையும் சேர்த்து. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "தெரியும்" என்றார். "குழிய யாரு பாத்தா? நாங்கதான பாக்குறோம்."

இப்போது ஆனி முடியப் போகிறது. ஆடி மழைக்கு அது எழும், எழாமலும் போகலாம். நேற்று அந்த நண்பருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.

"நண்பா, போன தடவ பொய் சொன்னேன். ஒண்ணு இருக்கு. கார்த்திகையில வாங்க, வீட்ல தங்கிக்கலாம். காலைல நடந்து போவோம். லொகேஷன் மட்டும் கேக்காதீங்க."

ப்ளூ டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.